ஈரைப் பேனாக்கி… பிள்ளையைக் குற்றவாளியாக்கி!

"ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்கி" அப்படின்னு ஒரு சொலவடை நம்ம எல்லாருக்கும் தெரியும். சின்ன விஷயத்தை ஊதிப் பெருசாக்குறவங்களைத் திட்டுறதுக்குச் சொல்றது. இன்னிக்கு நான் எழுதப் போறது நிஜமான ஈரையும் நிஜமான பேனையும் பற்றி. தலையைச் சொறியாமல் கடைசி வரைக்கும் படிச்சு முடிங்க பார்ப்போம் :-)

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்து ரெண்டு மூணு வாரம் ஆச்சுன்னா வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சு வந்துடும். "உங்க பொண்ணு பக்கத்துல யாரு உக்காருறா?" என்று ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பார். அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு தீர்ப்பு இருக்கு. யாரோ ஒரு சுத்தமில்லாத வீட்டுப் பிள்ளை நம்ம பிள்ளைக்கு ஒட்ட வச்சிட்டுது என்பதுதான் அந்தத் தீர்ப்பு. பேனுக்கும் இந்த அவமானத்துக்கும் எப்படி முடிச்சுப் போட்டாங்க, பள்ளிக்கூடங்கள் பேனை என்ன செய்து பார்த்தன என்று தேடிப் படிச்சதில் ஒரு நல்ல கதை கிடைச்சுது. பெரும்பகுதி நியூயார்க்கிலும் இங்கிலாந்திலும் நடக்கிற கதை. அங்கே நடந்ததுக்கு எண்ணிக்கையோடு கணக்கு எழுதி வச்சிருக்காங்க. அந்தக் கணக்குதான் இந்தக் கதையின் முக்கியமான சாட்சி.

பணக்காரர் வீட்டுப் பேன்

முதலில் கொஞ்சம் பழைய காலத்துக்குப் போயிட்டு வந்துடுவோம்.

ஜெருசலேத்துக்குத் தென்மேற்கே லாகீஷ் என்று ஒரு பழைய நகரம். கானானியர்கள் வாழ்ந்த இடம். 2016-இல் அங்கே நடந்த அகழாய்வில் ஒரு குட்டிச் சீப்பு கிடைச்சுது. மூன்றரை சென்டிமீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர், அவ்வளவுதான். ஒரு பக்கம் சிக்கெடுக்க ஆறு தடிமனான பற்கள். மறுபக்கம் பேனும் ஈரும் எடுக்கப் பதினாலு மெல்லிய பற்கள். நம்ம ஊர் பேன்சீப்பு மாதிரியே இரண்டு பக்கச் சீப்பு! அஞ்சு வருஷம் கழிச்சு, 2021-இல், அதன் மேலே நகக்கீறல் போல ஏதோ எழுத்து இருக்கிறதைக் கவனிச்சாங்க. 17 எழுத்து, 7 சொல். முடியிலும் தாடியிலும் இருக்கிற பேனை இந்தத் தந்தம் வேரோடு ஒழிக்கட்டும் என்கிற பொருளில் ஒரு வேண்டுதல்.

எழுத்தின் வடிவத்தை வச்சு அதன் காலம் ஏறக்குறைய கி.மு. 1700 என்று சொல்றாங்க. கானானிய அகரவரிசை எழுத்தில் இதுவரை கிடைச்ச முழு வாக்கியங்களிலேயே இதுதான் பழசு என்று 2022-இல் வெளியான ஆய்வு சொல்லுது. அதாவது, அந்த எழுத்தில் நமக்குக் கிடைச்ச முதல் முழு வாக்கியமே பேனைப் பற்றின புலம்பல்! சீப்பின் பல்லுக்கு நடுவே ஒரு பேன் குஞ்சின் மிச்சம் கூட ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு.

அந்தச் சீப்பு யானைத் தந்தத்தில் செஞ்சது. அந்தப் பகுதியில் அப்போ யானை கிடையாது. தந்தம் வெளியிலிருந்து, அநேகமாக எகிப்திலிருந்து, வந்திருக்கணும். அதை வாங்கிச் சீப்பு செஞ்சு, மேலே எழுத்தும் பொறிச்சு வச்சுக்கிட்டவர் ஏழையாக இருந்திருக்க முடியாது. பேன் ஏழை வீட்டுச் சொத்து என்கிற நம்பிக்கைக்கு முதல் அடி இங்கேயே விழுந்துடுது.

பேனோட வயசு இதைவிடப் பெருசு. வடகிழக்கு பிரேசிலில் பெட்ரா ஃபுராடா என்கிற இடத்தில் கிடைச்ச மனித முடியில் ஈர் ஒட்டியிருந்தது. அந்த முடிக்கு வயசு சுமார் 10,000 வருஷம். சோப்பு, ஷாம்பு, பள்ளிக்கூடம், பெஞ்சு எதுவுமே வராத காலத்திலேயே பேன் நம்ம தலையில் குடித்தனம் நடத்திக்கிட்டு இருந்திருக்கு.

அண்ணன் செய்த குற்றம்

மனுஷனைக் கடிக்கிற பேனில் முக்கியமாக ரெண்டு வகை. தலையில் வாழ்றது தலைப்பேன். உடுப்பின் தையல் மடிப்பில் முட்டையிட்டு, உடம்பில் வந்து ரத்தம் குடிக்கிறது உடல்பேன் (நம்ம பக்கம் சீலைப்பேன் என்போம்). ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனா குணம் வேற.

டைஃபஸ் என்கிற கொடிய காய்ச்சல் சீலைப்பேன் வழியாகப் பரவுதுன்னு 1909-இல் துனிஸ் நகரில் சார்ல் நிக்கோல் என்கிற பிரெஞ்சு விஞ்ஞானி கண்டுபிடிச்சார். அதுக்காக 1928-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைச்சுது. முதல் உலகப் போரிலும் அதன் பிறகும் கிழக்கு ஐரோப்பாவில் லட்சக்கணக்கில் ஜனங்கள் டைஃபஸில் செத்தாங்க. குளிக்க வசதியில்லாத, மாற்று உடை இல்லாத அகதி முகாம்களிலும் சிறைகளிலும் பதுங்குகுழிகளிலும்தான் சீலைப்பேன் பெருகும். ஆக, அதுக்கும் வறுமைக்கும் நிஜமாகவே சம்பந்தம் உண்டு.

நம்ம பிள்ளைங்க தலையில் இருக்கிறது இந்தப் பேன் இல்லை. தலைப்பேன் அரிப்பு கொடுக்கும். தூக்கத்தைக் கெடுக்கும். சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாகலாம். வழக்கமா அது நோயைப் பரப்புறது இல்லை. சுத்தமான தலை, அழுக்குத் தலை என்று பாகுபாடும் பார்க்காது. அதுக்கு இறக்கை இல்லை. தாவவும் தெரியாது. ஒரு தலையும் இன்னொரு தலையும் ஒட்டும்போது நடந்தே போய்ச் சேரும். தலையை விட்டுக் கீழே விழுந்தால் ரெண்டு நாளைக்குள்ள உயிரை விட்டுடும். அண்ணன் செஞ்ச கொலைக் குற்றத்துக்குத் தம்பியைப் பிடிச்சு உள்ளே போட்ட கதைதான் தலைப்பேனோட கதை. தண்டனை மட்டும் பேனுக்குக் கிடைக்கலை, அதைச் சுமந்த பிள்ளைக்குக் கிடைச்சுது.

நியூயார்க், 1902: வாசலைச் சாத்தினால் என்ன ஆகும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நியூயார்க் நகரம் பொங்கி வழிஞ்சுது. இத்தாலியிலிருந்தும் ரஷ்யப் பேரரசிலிருந்தும் கப்பல் கப்பலாக ஜனங்கள். கீழ் கிழக்குப் பகுதி என்கிற இடத்தில் இருட்டு அறைகளில் குடும்பம் குடும்பமாக அடைஞ்சு கிடந்தாங்க. பள்ளிக்கூடங்களிலும் அதே நெரிசல். தொற்றுநோய் பரவாமல் இருக்க 1897-இல் நகரச் சுகாதாரத் துறை பள்ளிகளுக்கு மருத்துவர்களை அனுப்ப ஆரம்பிச்சுது. 1902-இல் இந்தப் பரிசோதனையை ரொம்பக் கடுமையாக்கினாங்க. கண்ணில் வருகிற டிரக்கோமா, படர்தாமரை, சொறி, சிரங்கு, கூடவே தலைப்பேன். இதில் எது இருந்தாலும் பிள்ளையின் கையில் ஒரு சீட்டு. "வீட்டுக்குப் போ."

இதுல வேடிக்கை என்னன்னா, கண்டுபிடிக்கிறது மட்டும்தான் மருத்துவர் வேலை. வைத்தியம் பார்க்கிறது அவர் பொறுப்பு கிடையாது. சீட்டில் எழுதியிருக்கிற இங்கிலீஷ் பல அம்மாக்களுக்குப் படிக்கவே தெரியாது. படிச்சாலும் என்ன செய்யணும்னு சொல்ல ஆள் இல்லை. பள்ளியிலிருந்து விரட்டின பிள்ளை தெருவில் திரியும். சாயங்காலம் பள்ளி விட்டதும் அதே வகுப்புப் பிள்ளைங்களோட அதே தெருவில் விளையாடும். ராத்திரி அதே பள்ளிக்குப் போகிற தம்பி தங்கையோட ஒரே பாயில் படுக்கும். அப்படின்னா யாரை யாரிடமிருந்து காப்பாத்தினாங்க?

இந்தக் கேள்வியை எழுப்பினவர் லிலியன் வால்ட் என்கிற செவிலியர். அதே பகுதியில் ஹென்றி தெருவில் ஒரு சேவை இல்லம் நடத்தினவர். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற செவிலியர்கள் அவரிடம் இருந்தாங்க. சுகாதாரத் துறையிடம் அவர் ஒரு யோசனை சொன்னார். "ஒரு மாசத்துக்கு ஒரு செவிலியரைத் தர்றேன், முயற்சி பண்ணிப் பாருங்க."

அப்படி 1902 அக்டோபரில் வேலைக்குப் போனவர்தான் லினா ராஜர்ஸ். கனடாவில் பிறந்தவர். நாலு பள்ளிக்கூடம், சுமார் பத்தாயிரம் பிள்ளைங்க, ஒரே ஒரு ஆள். மருத்துவர் கண்டுபிடிச்சு விரட்டுகிற பிள்ளையை அவர் விரட்டாமல் பிடிச்சு உட்கார வச்சார். சின்னப் பிரச்சினைன்னா பள்ளியிலேயே மருந்து போட்டு வகுப்புக்கு அனுப்பினார். மீதிப் பேருக்கு, பள்ளி நேரம் முடிஞ்சதும் அவங்க வீட்டு மாடிப்படி ஏறிப் போய் அம்மாகிட்ட செஞ்சு காட்டினார். பேனுக்கு அந்தக் காலத்தில் வழக்கத்தில் இருந்தது மண்ணெண்ணெயும் சமையல் எண்ணெயும் கலந்து தலையில் ஊற வச்சு, அலசி, வினிகர் தடவி ஈர் எடுக்கிற முறை. (தயவு செஞ்சு யாரும் இதைச் செஞ்சு பார்க்காதீங்க. தீப்பிடிச்சா தலையே போயிடும்.)

இப்போ அந்த எண்களைப் பாருங்க. 1902 செப்டம்பரில் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைங்க 10,567. ஒரு வருஷம் கழிச்சு, 1903 செப்டம்பரில், 1,101. பத்தில் ஒன்றாக இறங்கிடுச்சு! இது பேனுக்கு மட்டும் ஆன கணக்கு இல்லை, கண் நோய், தோல் நோய் எல்லாம் சேர்ந்தது. ஒரு மாசம் பரிசோதனை என்று ஆரம்பிச்சது நிரந்தரமாச்சு. நகரமே காசு ஒதுக்கி மேலும் மேலும் செவிலியர்களை வேலைக்கு எடுத்துது. அமெரிக்காவில் பள்ளிச் செவிலியர் என்கிற வேலை அப்படித்தான் நிலைச்சுது. லினா ராஜர்ஸ் பிறகு தன் அனுபவத்தை 1917-இல் புத்தகமாகவும் எழுதினார்.

இங்கே அந்தப் பிள்ளைங்க பக்கமிருந்து கொஞ்சம் யோசிங்க. 10,567 என்பது வெறும் எண் இல்லைங்க. புது நாட்டில், புது மொழியில், எழுத்துக் கூட்ட ஆரம்பிச்சிருந்த பிள்ளைங்க. அதில் பல பேருக்குப் பிரச்சினை ஒரு சீப்பும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் தீர்ந்து போகிறது. அதுக்காக வாரக்கணக்கில் படிப்பு போச்சு.

இங்கிலாந்து: கணக்கு ஒண்ணு, தலை ஒண்ணு

இங்கிலாந்துக் கதை வேற மாதிரி. அங்கேயும் செவிலியர்கள் சீக்கிரமே வந்துட்டாங்க. 1892-இலேயே லண்டன் ட்ரூரி லேன் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு ஏமி ஹியூஸ் என்கிற செவிலியர் போக ஆரம்பிச்சார். பிறகு போயர் யுத்தம் வந்தது. ராணுவத்தில் சேர வந்த இளைஞர்களில் ஏகப்பட்ட பேர் உடம்பு தேறாமல் திருப்பி அனுப்பப்பட, "நம்ம இனமே நலிஞ்சு போச்சோ"ன்னு அரசாங்கத்துக்குக் கவலை. 1904-இல் ஒரு குழு அறிக்கை கொடுத்தது. 1907-இல் பள்ளிப் பிள்ளைங்களுக்கு மருத்துவப் பரிசோதனை கட்டாயமாச்சு.

அடுத்த வருஷமே, 1908-இல், பிள்ளைகள் சட்டம் வந்தது. அதில் பேனுக்கென்றே ஒரு பிரிவு. பிள்ளை தலையிலோ உடுப்பிலோ பேன் இருந்தால் பெற்றோருக்கு நோட்டீஸ். 24 மணி நேரத்துக்குள் சுத்தம் பண்ணணும். இல்லைன்னா அதிகாரிகளே பிள்ளையைக் கூட்டிப் போய்ச் சுத்தம் செய்வாங்க. அதுக்கப்புறமும் பெற்றோர் அலட்சியத்தால் மறுபடி பேன் வந்தால் பத்து ஷில்லிங் வரைக்கும் அபராதம். நியூயார்க்கில் பேன் ஒரு நோய் மாதிரி. இங்கே அது ஒரு குற்றம், குற்றவாளி அம்மா.

செவிலியர் பள்ளிக்கு வந்து வரிசையாக நிக்க வச்சுத் தலை பார்ப்பார். பிள்ளைங்க அவங்களுக்கு வச்ச பட்டப் பேர் 'நிட்டி நோரா'. நம்ம பாஷையில் 'ஈர்க்கார அக்கா'ன்னு வச்சுக்கலாம். வருஷா வருஷம் புள்ளிவிவரம் வந்தது. பேன் குறைஞ்சுக்கிட்டே வருது, எல்லாம் நல்லபடியா நடக்குதுன்னு எல்லோரும் திருப்தியா இருந்தாங்க.

1939 செப்டம்பர் 1. யுத்தம் வாசலுக்கு வந்தாச்சு. குண்டு விழும் என்கிற பயத்தில் பெருநகரங்களிலிருந்து பிள்ளைங்களையும் தாய்மார்களையும் கிராமப்புறங்களுக்கு ரயிலேற்றினாங்க. மூணே நாளில் சுமார் 15 லட்சம் பேர். கழுத்தில் பேர் எழுதின அட்டை, கையில் ஒரு பை, முன்பின் தெரியாத வீடு. போய் இறங்கின சில நாளிலேயே கிராமங்களிலிருந்து புகார் கிளம்பிச்சு. "பிள்ளைங்க தலையெல்லாம் பேன்!" பத்திரிகை, பாராளுமன்றம் எல்லா இடத்திலும் இதே பேச்சு. போன இடத்தில் பல பிள்ளைங்களுக்கு முடியை ஒட்ட வெட்டிவிட்டாங்க. அம்மா அப்பாவைப் பிரிஞ்சு வந்த ஏழு வயசுப் பொண்ணுக்கு அந்நிய ஊரில் கிடைச்ச முதல் வரவேற்பு அதுதான். நகரத்துத் தாய்மார்கள் பொறுப்பில்லாதவங்க என்று ஒரு பக்கம். பள்ளிக் கோடை விடுமுறை முடிஞ்ச கையோடு அனுப்பினதால் பரிசோதனை விட்டுப் போச்சு என்று சமாதானம் இன்னொரு பக்கம்.

சரி, நிஜத்தில் எத்தனை பேருக்குப் பேன் இருந்தது? பள்ளிப் புள்ளிவிவரத்தை நம்பினால் இவ்வளவு ரகளை வந்திருக்கக் கூடாதே?

கென்னத் மெலன்பி என்கிற பூச்சியியல் அறிஞர் இதைக் கண்டுபிடிக்கப் போட்ட திட்டம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அவர் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகலை. தொற்றுநோய் மருத்துவமனைகளுக்குப் போய்ப் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். ஏன் தெரியுமா? தொண்டை அடைப்பான், செம்புள்ளிக் காய்ச்சல் மாதிரி நோய்கள் திடீர்னு வரும். பிள்ளையை அப்படியே தூக்கிக்கிட்டு ஓடுவாங்க. தலை வாரி, பேன் எடுத்து, சுத்தம் பண்ணி அனுப்ப நேரம் இருக்காது. சேர்க்கும்போது செவிலியர் தலையைப் பார்த்துப் பதிவேட்டில் குறிப்பாங்க. யாரும் முன்கூட்டித் தயாராகாத நேரத்தில் எடுத்த கணக்கு அது!

1941-இல் முடிவு வெளியாச்சு. பெரிய தொழில் நகரங்களில் பள்ளி வயசுச் சிறுமிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் தலையில் பேன். பள்ளிக்கே போகாத வாண்டுகளிடமும் அதே நிலைமை. பள்ளிக்கூடக் கணக்கு சொன்னதைவிட இது எத்தனையோ மடங்கு அதிகம்.

இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது? செவிலியர் ஒரே நாளில் ஏகப்பட்ட தலைகளை அவசர அவசரமாகப் பார்க்கணும். வரப்போற நாள் தெரிஞ்ச அம்மா முந்தின ராத்திரி உட்கார்ந்து வாரி எடுத்துடுவார், ஏன்னா அபராதம், அவமானம். மறுவாரம் வீட்டில் இருக்கிற சின்னத் தங்கச்சி தலையிலிருந்து திரும்ப ஏறிடும். தங்கச்சி பள்ளிக்குப் போகலையே, அவ தலையை யாரும் பார்க்கலையே! முப்பது வருஷமா அபராதம் போட்டும் நோட்டீஸ் அனுப்பியும் குறைஞ்சது பேன் இல்லை, பேன் இருக்கிறதா ஒத்துக்கிற ஆட்கள்தான்.

இதிலிருந்து அரசாங்கம் பாடம் கத்துக்கிச்சான்னு கேட்டால், பாதிதான். 1944 கல்விச் சட்டத்திலும் அதே மாதிரி பிரிவு திரும்ப வந்து உட்கார்ந்துக்கிச்சு.

மருந்து வந்தது, பேன் போகலை

அப்புறம் வந்தது டிடிடி. 1943-44 குளிர்காலத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் டைஃபஸ் வெடிச்சப்போ, பத்து லட்சத்துக்கும் அதிகமான ஆட்களுக்குப் பேன் கொல்லும் பொடி தூவி அதை அடக்கினாங்க. அதில் பெரும் பேர் வாங்கினது டிடிடிதான். போர் முடிஞ்சதும் பிள்ளைங்க தலைக்கும் அது வந்தது. இனிமே பேனே இருக்காதுன்னு நினைச்சாங்க. பேன் அதுக்குப் பழகிக்கிச்சு. பிறகு மாலத்தியான். அதுக்கும் பழகிக்கிச்சு. பிறகு பெர்மெத்ரின். 2016-இல் வெளியான ஒரு ஆய்வில், அமெரிக்காவில் 48 மாநிலங்களிலிருந்து பேன்களைச் சேகரிச்சுப் பார்த்தப்போ, அந்த வகை மருந்தை எதிர்க்கும் மரபணு மாற்றம் சராசரியாக 98 சதவீதம் இருந்தது.

சீப்புக்குப் பேன் பழகிக்க முடியுமா? முடியாது. ஆனா சீப்பும் மந்திரக்கோல் இல்லை. 2000-இல் வேல்ஸில் நடந்த ஆய்வில் ஈரத்தலையில் சீப்பால் வாரினவங்களில் 38 சதவீதம் பேருக்குத்தான் பேன் போச்சு, மாலத்தியான் போட்டவங்களுக்கு 78 சதவீதம். 2005-இல் பிரிட்டனில் வேறொரு ஆய்வில், மேம்படுத்தின சீப்புக்கு 57 சதவீதம், கடையில் வாங்கின மாலத்தியான், பெர்மெத்ரின் மருந்துகளுக்கு 13 சதவீதம். ஊர் மாறும், வருஷம் மாறும், பேனோட எதிர்ப்புச் சக்தி மாறும், முடிவும் மாறும். இப்போ பேனை விஷத்தால் கொல்லாமல், மேலே படிஞ்சு அடைச்சுக் கொல்கிற டைமெதிகோன் என்கிற சிலிக்கான் எண்ணெய் வகைகளும் வந்திருக்கு.

நம்ம ஊரில் சீதாப்பழ விதையை அரைச்சுத் தலையில் தேய்க்கிற வழக்கம் உண்டு. பேன் சாகும், உண்மைதான். ஆனா கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிடும். அப்படிக் கண் மருத்துவரிடம் வந்தவங்களைப் பற்றி இந்திய மருத்துவ இதழ்களிலேயே எழுதியிருக்காங்க. பிள்ளைங்க விஷயத்தில் இது வேண்டவே வேண்டாம்.

ஈர் எல்லாம் பேன் ஆகுமா?

இப்போ சொலவடைக்கு வருவோம். அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு விதி வச்சிருந்தாங்க. தலையில் ஒரு ஈர் கூட இருக்கக் கூடாது. இருந்தால் வீட்டுக்குப் போ, கடைசி ஈர் போன பிறகு வா. 1902-இல் சாத்தின அதே வாசலைத் திரும்பச் சாத்தின மாதிரிதான்.

அட்லாண்டா பக்கத்தில் இரண்டு தொடக்கப் பள்ளிகளில் 1,729 பிள்ளைங்க தலையைப் பொறுமையாகப் பார்த்து 2001-இல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. உயிரோடு பேன் இருந்தது 28 பேருக்கு. ஈர் மட்டும் இருந்தது 63 பேருக்கு. அந்த 63-இல் 50 பேரை இரண்டு வாரம் தொடர்ந்து கவனிச்சாங்க. எத்தனை பேர் தலையில் பேன் வந்தது தெரியுமா? 9 பேர். மீதி 41 பேர் தலையில் பேன் வரவே இல்லை. ஈரைப் பேனாக்கினது பள்ளி விதிதான்! அதுக்கு முந்தின வருஷம் வந்த இன்னொரு ஆய்வில், பேன் என்று நினைச்சு ஆய்வகத்துக்கு அனுப்பின 614 மாதிரிகளில் அறுபது சதவீதத்துக்கும் குறைவானதில்தான் பேனோ ஈரோ இருந்தது. மற்றதெல்லாம் பொடுகு, தூசி, வேறு பூச்சி.

இன்னொரு விஷயமும் உண்டு. முதல் தடவை பேன் ஏறினால் அரிப்பு தெரியவே நாலிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். அதாவது டீச்சர் கண்ணில் படுகிற அன்னிக்கு அந்தப் பிள்ளை ஏற்கனவே ஒரு மாசமா அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கு. அந்த நிமிஷமே எழுப்பி வெளியே அனுப்புறதில் என்ன லாபம்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2002-லிருந்து இதைச் சொல்லிக்கிட்டு வருது. பேனுக்காக எந்தப் பிள்ளையின் படிப்பும் போகக் கூடாது, அன்னிக்கு வகுப்பு முடியட்டும், வீட்டில் வைத்தியம் பாருங்க, மறுநாள் வரட்டும். 2022-இல் திருத்தி வெளியிட்டப்போ, ஒதுக்கி வைக்கிறதால் பிள்ளை மனசுக்கு வரும் காயத்தையும் சேர்த்துச் சொன்னாங்க. லினா ராஜர்ஸ் ஒரே மாசத்தில் நிரூபிச்சதை ஏத்துக்க நூறு வருஷம் ஆகியிருக்கு.

அப்போ என்னதான் செய்றது?

தலையை நனைச்சு, கண்டிஷனர் தாராளமாகத் தடவி, முதலில் சாதாரணச் சீப்பால் சிக்கெடுங்க. அப்புறம் பேன்சீப்பை மண்டையோடு ஒட்டி வச்சு நுனி வரைக்கும் இழுங்க. ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைச்சுப் பாருங்க. நாலு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு வாரத்துக்கு விடாமல் செய்யணும். ஈர் பொரிய ஒரு வாரம் பத்து நாள் ஆகும், பொரிஞ்ச குஞ்சு வளர்ந்து முட்டையிட இன்னும் ஒன்பது பத்து நாள் ஆகும். அதுக்குள்ள பிடிச்சுட்டால் சங்கிலி அறுந்துடும். உயிருள்ள ஈர் மண்டையிலிருந்து அரை சென்டிமீட்டர் தூரத்துக்குள்தான் இருக்கும். அதுக்கு மேலே இருக்கிறது பெரும்பாலும் வெறும் கூடு. மருந்து போடறதா இருந்தால் மருத்துவரைக் கேட்டுப் போடுங்க. மொட்டையடிக்கத் தேவையே இல்லை.

முக்கியமா, வீட்டில் இருக்கிற எல்லோர் தலையையும் அதே நாளில் பாருங்க. மெலன்பி கணக்கில் வந்த அந்தத் தங்கச்சியை மறந்துடாதீங்க. அம்மா, பாட்டி தலையும் கணக்கில் உண்டு.

அடுத்ததா, வெட்கப்படாமல் பக்கத்து வீட்டு அம்மாகிட்டயும் டீச்சர்கிட்டயும் சொல்லிடுங்க. "எங்க பாப்பா தலையில் பேன் இருக்கு, எடுத்துக்கிட்டு இருக்கோம், உங்க பாப்பா தலையையும் பார்த்துடுங்க." அவ்வளவுதான். இங்கிலாந்தில் முப்பது வருஷம் பேன் ஒளிஞ்சிருந்தது முடிக்குள்ள மட்டும் இல்லை, இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாத பயத்துக்குள்ளயும்தான். டீச்சரா இருக்கிறவங்க யாராவது படிச்சா ஒரு வேண்டுகோள். பேன் இருக்கிற பிள்ளையைத் தனி பெஞ்சில் உட்கார வைக்காதீங்க. அந்தப் பிள்ளைக்குப் பேன் இரண்டு வாரத்தில் போயிடும். தனியா உட்கார்ந்த ஞாபகம் போகாது.

நம்ம ஊரில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. மத்தியானம் வேலை முடிஞ்சதும் திண்ணையில் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கிட்டே பேன் பார்ப்பாங்க. அதில் யாரும் யாரையும் குற்றம் சொன்னதில்லை. ஈர் உருவ ஒரு கருவி கூட வச்சிருப்பாங்க. ஈர்வலி, ஈர்கொல்லி, ஈர்வாங்கி என்று அதுக்குப் பல பேர். உங்க ஊர்ப் பக்கம் அதுக்கு என்ன பேருன்னு பாட்டியிடம் கேட்டுச் சொல்லுங்களேன். கேட்கும்போது அப்படியே பாட்டி மடியில் தலையை வச்சுட்டீங்கன்னா, ஒரு பரிசோதனையும் முடிஞ்சுடும் :-)